தேடுவோன் நாவிலுள்ள சொல்

சமையலறைத் தட்டிலே பேணிகள் வரிசையாக இருக்கின்றன. எதனுள்ளே மிளகு, எதனுள்ளே சீரகம், எதனுள்ளே வெந்தயம் என்பதை அவற்றை அடுக்கி வைத்த தாயார் நன்கறிவார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் வேண்டிய பேணியே அவர் கைக்கு வரும். ஆயின், அவர் நோயுற்றுப் படுத்த அன்று அடுக்களைக்குட் புகும் மகனோ மருமகளோ ஒவ்வொரு பேணியாகத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டியவராகின்றனர். பேணியின் மேல் ஒட்டிய சிறு காகிதத் துண்டும் அதில் எழுதிய ஒரு சொல்லும் இத்துணைத் தொல்லையையும் நீக்கிவிடும். அச்சொல்லை எழுதுபவர் வைத்தவரேயாயினும், அதனாற் பயன் பெறுபவர் பின்னொருநாள் தேடி வருபவரே.

அடுக்களைக்குப் பொருந்தும் இவ்வுண்மை அறிவுலகுக்கும் பொருந்தும். கட்டுரை, படம், ஒலிப்பதிவு, கடிதம் என எதுவாயினும் அதன் பொருளைச் சுட்டுமாறு இடப்படும் சிறு பெயரைக் குறிச்சொல் என்பர். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் கோடிக்கணக்கான பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றுள் நமக்கு வேண்டியதொன்றைக் கண்டெடுப்பதற்குக் குறிச்சொல் எங்ஙனம் துணை செய்கின்றது, அதனை இடுவோர் கொள்ள வேண்டிய கருத்து யாது என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

எழுத்தைத் தேடும் இயந்திரம்

“வேண்டிய சொல்லைக் கணினியில் அடித்தால் அதுவே தேடித் தருகின்றதே, பெயர் வேறு இட வேண்டுமோ?” என்று மாணவர் நம்மை வினவுவதுண்டு. நியாயமான வினாவே. ஆனால், எளிய தேடற்கருவியொன்று தேடுவது எழுத்துக்களின் வரிசையையே. ‘வீடு’ என்று தேடினால், ‘வீட்டில்’ என்றோ ‘வீட்டை’ என்றோ வருமிடங்களை அது கண்டுகொள்ளாது. அங்கே ‘வீடு’ என்னும் வடிவம் இல்லை. ‘குளம்’ என்று தேடுவோனுக்குக் ‘குளத்தின் அணை உடைந்தது’ என்னும் வாக்கியம் அகப்படாது. வேற்றுமையேற்று உருமாறும் நம் மொழியில் இவ்விடர் அடிக்கடி நேர்வது. பெரிய தேடுபொறிகள் இதனை ஓரளவு சமாளிக்கின்றனவாயினும், சிறிய தொகுதிகளிலுள்ள கருவிகள் பல இன்னும் எழுத்துக்கு எழுத்தாகவே ஒப்பிடுகின்றன.

இரண்டாவது இடர், ஒரு பொருளுக்குப் பல பெயர் உள்ளமை. நம் நாட்டிலே நீரிழிவு என்று வழங்கும் நோயைத் தமிழ்நாட்டார் சர்க்கரை நோய் என்பர். பழைய தலைமுறையினர் சலரோகம் என்றனர்; சித்த மருத்துவ நூல்கள் மதுமேகம் என்கின்றன. நாம் கச்சான் என்பதைப் பாடநூல் நிலக்கடலை என்னும். கடல் கடந்து சென்றால் அது வேர்க்கடலையாகிவிடும். நம் பப்பாசிப்பழம் அங்கே பப்பாளி. தாயின் நோய்க்கு ஏற்ற உணவு யாது எனத் தேடும் மகள் ‘நீரிழிவு’ என்று தேட, அவளுக்குப் பயன்படத்தக்க நல்ல கட்டுரை ‘சர்க்கரை நோய்’ என்னும் பெயரோடு ஓரிடத்தில் உறங்கிக் கிடக்கலாம். எழுதியவரும் தேடியவரும் தமிழரே. இருவருக்கும் இடையே ஒரு சொல் மட்டுமே தடையாக நிற்கின்றது.

மூன்றாவது, ஒரு சொல்லுக்குப் பல பொருள் உள்ளமை. ‘மாலை’ என்றால் பூவாற் கட்டியதா, பொழுதா? ‘திங்கள்’ என்றால் வானத்திலுள்ளதா, மாதமா, கிழமையா? ‘ஆறு’ என்றால் நதியா, எண்ணா, வழியா? முழு வாக்கியத்தைப் படிக்கும் மனிதனுக்கு ஐயம் எழாது. எழுத்தை மட்டும் நோக்கும் இயந்திரமோ எல்லாவற்றையும் ஒருங்கே அள்ளி வந்து நம் முன்னே கொட்டிவிடும்.

இவற்றுக்கும் மேலாக, படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் எழுத்தே இல்லை. 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூல்நிலையம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கிற் படியெடுத்து இணையத்தில் இட்டுள்ளது. பழைய ஏடொன்றின் பக்கத்தைப் படமாகப் பிடித்தால், எழுத்துணரும் கருவியாற் படிக்கப்பெறும்வரை கணினிக்கு அது வெறும் கறுப்பும் வெள்ளையுமே. நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, பொருள் என்று மனிதர் இட்ட பெயர்களே அப்பக்கத்தை அடைவதற்குரிய வாயில்களாகும்.

நிகண்டு கண்ட வழி

ஒருபொருட் பன்மொழியும் பலபொருள் ஒருமொழியும் நம் முன்னோர்க்குப் புதியனவல்ல. பழைய நிகண்டாகிய திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக வகுக்கப்பெற்றது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையாற் பிரித்து, ஒவ்வொன்றற்குமுரிய பல பெயர்களையும் ஒருங்கே திரட்டி வைக்கும் அந்நூல், பதினோராவது தொகுதியை ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுதற்கென்றே ஒதுக்கியது. குறிச்சொல் இடுவோர் இன்று எதிர்நோக்கும் இரு பெரும் இடர்களையும் அக்காலப் புலவர்கள் இனங்கண்டு, அவற்றுக்கெனத் தனியிடங்களும் வகுத்துவிட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்கள் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அபிதான கோசம்’ இவ்வழியில் மற்றுமோர் அடி. புராண இதிகாசங்களிலும் இலக்கியங்களிலும் வரும் பெயர்களை அகர வரிசையில் நிறுத்தி, தேடுவோன் பெயரைக்கொண்டே பொருளை அடையுமாறு அது செய்தது.

ஒரு நூலுக்குப் பல வாயில்

மேலை நாட்டில் நூல்நிலையங்கள் பெருகியபொழுது வேறொரு சிக்கல் எழுந்தது. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, அறிவுத்துறைகள் அனைத்தையும் 000 முதல் 999 வரையுள்ள எண்களில் அடக்கியது. தமிழ் மொழிக்கு 494.811 என்றும், தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்றும் எண்கள் அமைந்தன. அம்முறை இன்றும் பல நாடுகளில் வழங்குகின்றது. ஆயினும், தட்டிலுள்ள ஒரு நூல் ஒரே இடத்திலேதான் நிற்க முடியும். யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையையும் கிணற்று நீரையும் பற்றி ஒருவர் ஒரு நூல் எழுதினார் எனக் கொள்வோம். அதனை வேளாண்மையில் வைப்பதா, நிலவியலில் வைப்பதா, ஊர் வரலாற்றில் வைப்பதா? எங்கு வைத்தாலும் மற்றை இரு துறைகளிலும் தேடுவோன் ஏமாற்றமடைவான்.

இதற்கு விடை கண்டவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த சி. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியிலே கணிதம் கற்பித்தவர். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றிருந்தபொழுது, செல்பிரிட்ஜஸ் அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதிலுள்ள சிறு சட்டங்களையும் திருகாணிகளையும் வெவ்வேறு வகையாகப் பொருத்தி எத்தனையோ பொறிகளைச் செய்யலாம். அறிவையும் இங்ஙனமே சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியபோது பொருத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணம் அவர்க்கு உதித்தது. அதன் விளைவே 1933ஆம் ஆண்டில் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. முதன்மைப் பொருள், அதன் ஆக்கப்பொருள் அல்லது பண்பு, அதன்மேல் நிகழும் செயல், இடம், காலம் என்னும் ஐந்து நோக்குகளால் எப்பொருளையும் அவர் அளந்தார். நாம் கூறிய கற்பனை நூல், அவர் வழியில் ‘புகையிலை’, ‘நீர்’, ‘பயிர்ச்செய்கை’, ‘யாழ்ப்பாணம்’ முதலிய கூறுகளாக விரியும். தேடுவோன் எவ்வழியாக வரினும் நூலை அடைவான்.

இவ்வறிஞர்க்கும் நமக்கும் நேரான தொடர்பும் ஒன்றுண்டு. யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குப் புதிய கட்டடம் எழுப்ப முயன்றபொழுது ஆலோசனை கூறியவர்களுள் அரங்கநாதனும் ஒருவர். 1954ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்நூலகம், 1981ஆம் ஆண்டில் தீக்கிரையானமையும், ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமையும் யாவரும் அறிந்த துயரம்.

கோத்துத் தேடும் முறை

அரங்கநாதன் நூலட்டைகளிற் செய்ய முயன்றதை இன்று கணினி நொடிப்பொழுதிற் செய்கின்றது. 2003ஆம் ஆண்டிலே தொடங்கிய டெலிசியஸ், 2004ஆம் ஆண்டிலே தொடங்கிய பிளிக்கர் என்னும் இணையச் சேவைகள், நூலகர் மட்டுமன்றிப் பொதுமக்களும் தாம் சேர்த்த பொருள்களுக்குத் தாமே பெயரிடும் வழக்கத்தைப் பரப்பின.

குறிச்சொற்களைக் கொண்டு தேடுவோர் மூன்று செயல்களை அறிந்திருத்தல் நன்று. அவை கோத்தல், விலக்கல், விரித்தல் என்பன.

ஓர் உதாரணம் கூறுவோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையில் தேங்கும் நிலத்தடி நீரிலே, உரப்பாவனையாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று மிகுதல் பல காலமாக ஆராயப்பட்டுவரும் பிரச்சினை. மாணவி ஒருத்தி அதனைப் பற்றி ஒப்படை எழுதவேண்டியிருக்கின்றது. ஆயிரம் கட்டுரைகள் கொண்ட தொகுதியொன்றில் ‘நீர்’ என்னும் குறிச்சொல் 100 கட்டுரைகளிலும், ‘யாழ்ப்பாணம்’ என்பது 80 கட்டுரைகளிலும் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றாகத் தேடினால் அவள் ஒரு கிழமை படிக்க வேண்டும். இரண்டையும் கோத்துத் தேடினால் இரண்டுமுடைய 12 கட்டுரைகள் மட்டும் எஞ்சும். ‘நைத்திரேற்று’ என்பதையும் சேர்த்தால் மூன்றோ நான்கோ எஞ்சும். அகன்ற இரு சொற்கள் ஒன்றையொன்று வெட்டுமிடத்திலே கூரிய விடை கிடைக்கின்றது.

வேண்டாததை நீக்குவது விலக்கல். ‘மாலை’ என்று தேடி, ‘பூ’ என்னும் குறிச்சொல் உள்ளவற்றைத் தள்ளினால் பொழுது பற்றியவை மிஞ்சும். விடையே கிடைக்காவிடத்து ஒரு சொல்லைக் கழற்றியோ அதனினும் அகன்ற சொல்லை இட்டோ தேடுவது விரித்தல். ‘கச்சான்’ என்பதில் ஒன்றும் இல்லையெனின் ‘நிலக்கடலை’ எனப் பார்க்கலாம். அதிலும் இல்லையெனின் ‘எண்ணெய் வித்துக்கள்’ எனப் பார்க்கலாம். முதற்சொல்லில் விடை வராததுகண்டு “ஒன்றுமே இல்லை” என முடிவு கட்டுவோர் பலர். பெரும்பாலும் பொருள் அங்கே இருக்கும். அதன் பெயர்தான் வேறாயிருக்கும்.

பெயரில் உள்ள நீதி

குறிச்சொல் தேடுதற்கு மட்டும் உரியதென எண்ணற்க. பெயரிடுவோனின் மனப்பாங்கும் அதனுள்ளே புகுந்துவிடுகின்றது. டூயி முறையில் சமயங்களுக்கென 200 முதல் 299 வரையுள்ள எண்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி கிறித்தவ சமயத்துக்கே அமைந்தது. தொன்மை வாய்ந்த இந்து சமயம் 294.5 என்னும் தசமக் கூற்றினுள் அடங்க வேண்டியதாயிற்று. தமக்கு அண்மையிலுள்ளதைப் பெரிதாகவும் தொலைவிலுள்ளதைச் சிறிதாகவும் காணும் மனித இயல்பு நூலகத் தட்டிலும் வெளிப்பட்டமைக்கு இது சான்று.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நூல்களுக்கு இடும் பொருட்டலைப்புகளை உலகின் பல நூலகங்கள் பின்பற்றுகின்றன. அத்தலைப்புகளுட் பல, மக்களை இழிவுபடுத்துவன என்று சான்போர்ட் பெர்மன் என்னும் நூலகர் 1971ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதி வாதிட்டார். உரிய பத்திரமின்றி அந்நாட்டில் வாழ்வோரைப் பற்றிய நூல்கள், ‘சட்டவிரோத அந்நியர்’ எனப் பொருள்படும் தலைப்பின்கீழ் நெடுங்காலம் இருந்தன. டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014ஆம் ஆண்டில் அதனை மாற்றுமாறு வேண்டினர். மாற்றுவதாக நூலகம் 2016ஆம் ஆண்டில் அறிவித்தபொழுது அரசியலாளர் குறுக்கிட்டனர். 2021ஆம் ஆண்டு நவம்பரிலேயே மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஒரு தலைப்புக்காக ஏழு ஆண்டுப் போராட்டமா என வியப்போர், அத்தலைப்பின்கீழ்த் தம் தந்தையின் கதையைத் தேடிச் செல்லும் மாணவனை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடுவிட்டு நாடு பெயர்ந்து வாழும் உறவினர் இல்லாத வீடே அரிதாகிவிட்ட நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உயிர் காக்கும் சொல்

2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆந் திகதி, அமெரிக்கரான கிறிஸ் மெசினா என்பவர், அக்காலத்தில் ட்விற்றர் என வழங்கிய தளத்திலே, சொல்லின் முன்னே குறுக்கும் நெடுக்குமான கோடுகளாலான ஒரு குறியை இட்டு அச்சொல்லைக் குறிச்சொல்லாக்கலாம் என்று முன்மொழிந்தார். முதலில் வரவேற்பு அதிகமில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபரில், சான் டியேகோ நகர்ப்புறத்தே காட்டுத் தீ மூண்டது. எந்தத் தெரு அடைபட்டது, மக்கள் எங்கே செல்ல வேண்டும் என்னும் செய்திகள் நகரின் பெயரையும் தீ என்னும் சொல்லையும் இணைத்த ஒரே குறிச்சொல்லின்கீழ்த் திரண்டன. குறிச்சொல்லின் பயனை அத்தீ உணர்த்திற்று.

ஆனால், வெள்ளமோ புயலோ வரும்போது ஒருவர் ஒரு பெயரும் மற்றொருவர் வேறு பெயரும் இட்டால், உதவி கேட்பவர் ஓரிடத்திலும் உதவுபவர் பிறிதோரிடத்திலும் நிற்பர். 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தின்போது உதவிச் செய்திகள் ஒன்றுக்கு மேற்பட்ட குறிச்சொற்களின்கீழ்ப் பிரிந்து கிடந்தன. பிலிப்பைன்ஸ் நாட்டார் இவ்வகையில் முன்மாதிரியாயினர். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் ஹகுபிட் என்னும் சூறாவளி நெருங்கியபொழுது, அதன் உள்நாட்டுப் பெயராகிய ரூபியையும் நாட்டின் ஈரெழுத்துக் குறியீட்டையும் சேர்த்த ஒரே குறிச்சொல்லை அரசாங்கமே வழங்கிற்று. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான அலுவல்கள் ஒருங்கிணைப்பு அலுவலகமும், இடரின் பெயருக்கு ஒன்று, மக்கள் தாம் கண்டதை அறிவிப்பதற்கு ஒன்று, அவசர உதவிக்கு ஒன்று எனக் குறிச்சொற்களை முன்னரே வரையறுத்தல் நன்று என எடுத்துரைத்தது. யாவரும் ஒரு பெயரை ஒப்புக்கொள்ளும்போதே பெயர் பயன் தருகின்றது.

தமிழிற் குறிச்சொல் இடுவோர்க்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும். குறிச்சொல்லின் நடுவே இடைவெளி விட்டால் அது அங்கேயே அறுந்துவிடும். ஆகவே இரு சொற்களைச் சேர்த்தெழுத வேண்டும். ஒருவர் ‘தமிழ்ப்பாடம்’ என ஒற்று மிகுத்து எழுத, மற்றவர் ‘தமிழ்பாடம்’ என எழுதுவார். கணினிக்கு இவை இரு வேறு பெயர்கள். ‘யூன்’, ‘ஜூன்’ என்பனவும் அவ்வாறே. இன்னுமொன்று, ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினி இரு வகையாகச் சேமிக்கக்கூடும். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் அவ்விரண்டையும் வேறெனக் கருதும் மென்பொருள்களும் உண்டு. சந்தியிலக்கணம் பரீட்சைக்கு மட்டும் உரியதென எண்ணும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

இல்லத்திலும் வகுப்பிலும்

இவற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில. குறிச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக, வேற்றுமையுருபு ஏற்காத வடிவில் இடுக. ‘கிணற்றில்’ என்னாது ‘கிணறு’ என எழுதுக. ஒரு பொருளுக்குப் பல பெயருண்டாயின் ஒன்றைத் தேர்ந்து, மற்றவற்றுக்கு எதிரே ‘இதனைக் காண்க’ என ஒரு கொப்பியிற் குறித்து வைக்க. ‘பொது’, ‘முக்கியம்’, ‘பலவகை’ என்பன போன்ற பெயர்களை நீக்குக. எல்லாவற்றுக்கும் பொருந்தும் பெயர் எதனையும் பிரித்துக் காட்டாது. மூன்று முதல் ஐந்து குறிச்சொற்கள் பெரும்பாலும் போதும். அவற்றுள் இடமும் ஆண்டும் இருத்தல் நலம்.

குடும்பப் படங்களுக்கு இந்நெறி மிகவும் இன்றியமையாதது. கைப்பேசி தானே நாளையும், நாம் அனுமதித்தால் இடத்தையும் பதிந்துகொள்கின்றது. ஆனால், படத்திலிருப்பவர் நமக்கு என்ன உறவு, அன்று வீட்டில் நடந்தது என்ன என்பனவற்றை அது அறியாது. படத்துக்கு ‘அம்மா’ என்று பெயரிடுவோர் பலர். இன்று நமக்கு அம்மாவாயிருப்பவர் நம் பிள்ளைகளுக்கு அம்மம்மா அல்லது அப்பம்மா. அவர்தம் பிள்ளைகளுக்குப் பூட்டி. உறவுப்பெயர் சொல்லுபவரோடு மாறுவது. ஆகவே இயற்பெயரையும் ஊரையும் ஆண்டையும் சேர்த்தெழுதுக. பழைய காகிதப் படமாயின் பின்புறத்தே பென்சிலால் மெல்ல எழுதலாம். இப்பணிக்கு முதியவர்களின் துணை வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒரு பிற்பகல் அவர்கள் அருகே அமர்ந்து, “இவர் யார், இது எந்தக் கோயில் திருவிழா?” என்று கேட்டெழுதும் பேரப்பிள்ளை, பின்னர் எவராலும் எழுத முடியாத நூலொன்றை எழுதுகின்றான்.

நெருப்பில் எரிந்த நூல்களை நாம் மீட்க இயலாது. எரியாமல் எஞ்சியவற்றையும் புதிதாகச் சேர்ப்பவற்றையும் பெயரின்றி விட்டுவிடுவோமாயின், அவை இருந்தும் இல்லாதனவேயாம். கனடாவிலோ இலண்டனிலோ வளரும் ஒரு பிள்ளை, இன்னும் முப்பது ஆண்டு கழித்துத் தன் பூட்டியின் ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு தேடக்கூடும். அப்பிள்ளையை நாம் காணப்போவதில்லை. அதன் நாவில் வரக்கூடிய சொல் யாதென இன்றே எண்ணி எழுதி வைத்தல் நம்மாற் கூடும். அதற்கு வேண்டுவன ஒரு பென்சிலும் சிறிது பொறுமையுமே.